கழுத்து எரியாத சவரம்: முதலில் தண்ணீர், அப்புறம் கை, கடைசியில் பிளேடு

சட்டைக் காலர் உரசும்போதெல்லாம் கழுத்து எரிகிறது, தாடைக்குக் கீழே சிவப்புச் சிவப்பாகப் பொரிந்திருக்கிறது, அதனால் நல்ல பிளேடு எது சொல்லுங்கள் என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பல வருடம் நானும் இதே கேள்வியோடுதான் அலைந்தேன். பிளேடை மாற்றினேன், ரேசரை மாற்றினேன், மூன்று பிளேடு வைத்ததிலிருந்து ஐந்து பிளேடு வைத்ததற்குப் போனேன், விலை ஏறியதே தவிர எரிச்சல் குறையவில்லை. கடைசியில் குணம் தெரிந்தது மூன்று காரியத்தால். ஷேவிங்குக்கு எடுக்கும் தண்ணீரை மாற்றினேன், என் கழுத்தில் முடி எந்தப் பக்கம் வளர்கிறது என்று உட்கார்ந்து பார்த்தேன், கையை அழுத்துவதை நிறுத்தினேன். பிளேடு தேர்வு அதற்கு அப்புறம்தான் பலன் தந்தது. அந்த வரிசையிலேயே சொல்கிறேன், ஏனென்றால் வரிசையை மாற்றிச் செய்தால் எந்தப் பிளேடு நல்லது என்று கடைசிவரை தெரியாது.

நான் பேசுவது டபுள் எட்ஜ் ரேசரைப் பற்றி. அப்பா வைத்திருந்திருப்பார், இரண்டு பக்கமும் கூர் உள்ள மெல்லிய பிளேடை நடுவில் வைத்துத் திருகுகிற பழைய மாதிரி ரேசர். அமெரிக்காவில் கிங் கேம்ப் ஜில்லெட் 1903-இல் இந்த மாதிரி ரேசரை விற்கத் தொடங்கியபோது அந்த முதல் வருடம் விற்றது 51 ரேசரும் 168 பிளேடும் மட்டும். இன்றைக்கு எந்த நாட்டில் செய்த டபுள் எட்ஜ் பிளேடும் எந்த டபுள் எட்ஜ் ரேசரிலும் உட்காரும். கார்ட்ரிட்ஜ், அதாவது பிளேடுகள் பதித்த தலையைக் கழற்றி மாட்டுகிற ரேசர் என்றால், ஒரு கம்பெனிக் கைப்பிடிக்கு அந்தக் கம்பெனித் தலையைத்தான் வாங்கியாக வேண்டும். இதில் அந்தக் கட்டு இல்லை, நம் ஊர்ப் பிளேடு என்றால் ஒரு டீ விலைக்கு இரண்டு மூன்று வாங்கிப் பார்க்கலாம்.

பல பிளேடு ரேசர் சிலருக்கு ஏன் ஒத்துக்கொள்வதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதல் பிளேடு முடியைப் பிடித்து லேசாக வெளியே இழுக்கிறது, அது மறுபடி உள்ளே போவதற்குள் அடுத்த பிளேடு இன்னும் கீழே வெட்டிவிடுகிறது. வெட்டிய முனை தோலுக்குக் கீழே போய் நிற்கும். நேர் முடி என்றால் பரவாயில்லை, வளர்ந்து வெளியே வந்துவிடும். சுருள் முடி வளைந்து, பக்கத்துத் தோலுக்குள்ளேயே குத்திக்கொள்ளும். கழுத்தில் வரும் அந்தப் பொரிகளில் பாதிக்கு மேல் இப்படி உள்ளே வளர்ந்த முடிதான் என்று தோல் மருத்துவரிடம் போனபோது எனக்குச் சொன்னார். டபுள் எட்ஜில் ஒரு நேரத்தில் தோலில் படுவது ஒற்றைப் பிளேடுதான், அது தோல் மட்டத்தோடு வெட்டி நிறுத்துகிறது. ஆனால் ஒற்றைப் பிளேடு வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம், தோலை இழுத்துப் பிடித்து எதிர்த் திசையில் நாலு தடவை சுரண்டினால் இதிலும் அதே பொரி வரும்.

உப்புத் தண்ணீர்

இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதால் நீளமாகவே எழுதுகிறேன். போர்வெல் தண்ணீர் வருகிற வீட்டில் சோப்பு சரியாக நுரைக்காது என்பது எல்லோருக்கும் தெரியும், துணி துவைக்கும்போது பார்த்திருப்போம். அதே தண்ணீரில்தான் ஷேவிங் சோப்பையும் கரைக்கிறோம் என்பதை மட்டும் மறந்துவிடுகிறோம். தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத வெள்ளைப் படிவமாக மாறிவிடுகின்றன, பக்கெட் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு போகாமல் நிற்குமே, அதுதான். பிரஷ்ஷில் எடுத்த சோப்பில் ஒரு பங்கு அந்தப் படிவமாகவே போய்விடும். மிச்சம் இருப்பதில் வரும் நுரை பார்க்க வெள்ளையாக இருக்கும், வழுக்காது, ஒரு நிமிடத்தில் உடைந்து முகத்தில் காய்ந்துபோகும். காய்ந்த நுரை மேல் பிளேடு போனால் அது வெறும் தோலில் போவது மாதிரிதான்.

தீர்வு மிகச் சின்னது. ஷேவிங்குக்கு மட்டும் ஒரு டம்ளர் கேன் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிரஷ் நனைக்க, நுரை எழுப்ப, நடுவில் சொட்டு விட அது போதும், 200 மில்லிகூடச் செலவாகாது. முகம் கழுவ, ரேசரை அலச வழக்கமான குழாய்த் தண்ணீரே இருக்கட்டும். மழைத் தண்ணீர் பிடித்து வைக்கிற வீடு என்றால் இன்னும் நல்லது. ஒரே சோப்பை ஒரு நாள் போர்வெல் தண்ணீரிலும் மறுநாள் கேன் தண்ணீரிலும் அடித்துப் பாருங்கள், நான் இவ்வளவு எழுதியது எதற்கு என்று அந்த இரண்டு நாளில் புரியும். கேன் தண்ணீர் வாங்க வழியில்லாத இடத்தில் சோப்பை விட டியூபில் வரும் ஷேவிங் கிரீம் எடுங்கள், உப்புத் தண்ணீரைப் பல கிரீம்கள் ஓரளவு தாங்கும்.

தண்ணீர் விஷயத்தில் இரண்டாவது, ஊறவைப்பது. காய்ந்த தாடி முடி முரட்டுக் கம்பி மாதிரி, தண்ணீர் குடித்த முடி மெத்தென்று ஆகிவிடும், பிளேடு அதை வெட்ட மிகக் குறைந்த பலமே போதும். அதற்கு இரண்டு மூன்று நிமிடம் ஆகும். குளித்து முடித்த கையோடு ஷேவ் செய்தால் இந்த வேலை தானாக முடிந்திருக்கும். குளிக்கும் முன்னால் செய்கிறவர்கள் முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி எண்ணெய்ப் பசையை எடுத்துவிட்டு, ஈரத் துண்டை இரண்டு நிமிடம் முகத்தில் போட்டு வையுங்கள். வெந்நீர் கட்டாயமா என்று கேட்கிறார்கள். மே மாதத்தில் தொட்டித் தண்ணீரே வெதுவெதுப்பாகத்தானே வருகிறது, அது போதும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் தோல் சிவந்து, ஷேவிங் தொடங்கும் முன்பே பாதி எரிச்சல் வந்துவிடும்.

நுரை எழுப்புவதில் பெரிய வித்தை இல்லை, பொறுமைதான் வேண்டும். பிரஷ்ஷை நனைத்து இரண்டு உதறு உதறி, சோப்பின் மேல் அரை நிமிடம் சுழற்றுங்கள். பிரஷ் முனையில் பசை மாதிரி கெட்டியாக ஏறியிருக்கும். அதை முகத்திலேயோ கிண்ணத்திலேயோ சுழற்றிக்கொண்டே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேருங்கள். பெரும்பாலானோர் தண்ணீரைக் குறைவாகச் சேர்த்துவிட்டு, நுரை மலை மாதிரி வந்துவிட்டது என்று நிறுத்திவிடுகிறார்கள். மலை முக்கியமில்லை, பளபளப்பு முக்கியம். கெட்டித் தயிரை அடித்து வைத்த மாதிரி, குமிழ் தெரியாமல், மினுக்கென்று இருக்க வேண்டும். இரண்டு விரலுக்கு நடுவில் எடுத்துத் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். அப்புறம் ஒரு சின்ன விஷயம், ஃபேனுக்கு அடியில் நின்று ஷேவ் செய்யாதீர்கள், நுரை காய்ந்துவிடும்.

பிரஷ் எது என்று ரொம்பக் குழம்ப வேண்டாம். செயற்கை இழைப் பிரஷ் வாங்குங்கள், சீக்கிரம் காயும், நம் ஊர் ஈரக் காற்றில் அது பெரிய சௌகரியம். பன்றி முடிப் பிரஷ் என்றால் ஷேவிங்குக்கு முன் ஐந்து நிமிடம் ஊறவைக்க வேண்டும், பழகப் பழக மிருதுவாகும்.

முடி எந்தப் பக்கம் வளர்கிறது

இரண்டு நாள் ஷேவ் செய்யாமல் விட்டுவிட்டு, நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நில்லுங்கள். விரல் நுனியால் கன்னத்தை மேலிருந்து கீழே தடவுங்கள், அப்புறம் கீழிருந்து மேலே, காதிலிருந்து மூக்குப் பக்கம், மூக்கிலிருந்து காதுப் பக்கம். எந்தப் பக்கம் தடவும்போது வழுவழுவென்று போகிறதோ அதுதான் முடி வளரும் திசை, சொரசொரவென்று தடுப்பது எதிர்த் திசை. கன்னத்தில் பெரும்பாலும் எல்லோருக்கும் கீழ்நோக்கித்தான் இருக்கும். சிக்கல் கழுத்தில். எனக்கு வலது தாடைக்குக் கீழே முடி காதை நோக்கிப் படுத்திருக்கிறது, இடது பக்கம் கீழிருந்து மேலே வளர்கிறது, குரல்வளைக்குப் பக்கத்தில் ஓர் இடத்தில் சுழி மாதிரி இருக்கிறது. இது தெரியாமல் பல வருடம் கழுத்தை மேலிருந்து கீழே மழித்துக்கொண்டிருந்தேன். திசையோடு போகிறேன் என்று நினைத்துக்கொண்டு, இடது கழுத்தில் தினமும் முதல் இழுப்பிலேயே எதிர்த் திசையில் போயிருக்கிறேன். எரிந்தது முழுக்க அந்த இடம்தான்.

கண்டுபிடித்ததை ஒரு தாளில் முகம் வரைந்து அம்புக்குறி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியில் இடம் வலம் மாறும், கை குழம்பும், அதற்காகத்தான். இரண்டு வாரத்தில் கைக்குப் பழகிவிடும், அப்புறம் தாள் தேவைப்படாது.

கோணமும் அழுத்தமும்

டபுள் எட்ஜ் ரேசரில் தலை அசையாது. கார்ட்ரிட்ஜ் ரேசரில் தலை வளைந்து கொடுத்துக் கோணத்தை அதுவே பார்த்துக்கொள்ளும், இதில் அந்த வேலை நம் மணிக்கட்டுக்கு. பிளேடுக்கும் தோலுக்கும் நடுவில் சுமார் 30 பாகை இருக்க வேண்டும் என்பார்கள், பாத்ரூமில் யாரும் பாகைமானி வைத்து அளக்க முடியாது. இப்படிச் செய்யுங்கள்: ரேசரின் மேல்மூடியைக் கன்னத்தில் வையுங்கள், கைப்பிடி முகத்துக்கு நேர் செங்குத்தாக நீட்டிக்கொண்டு இருக்கட்டும். இந்த நிலையில் பிளேடு தோலில் படாது. மெதுவாகக் கைப்பிடியைக் கீழே இறக்கிக்கொண்டே ரேசரை லேசாக நகர்த்துங்கள். ஓர் இடத்தில் முடி வெட்டுப்படும் சத்தம் கேட்கத் தொடங்கும். அங்கேயே நிறுத்துங்கள், அதுதான் உங்கள் ரேசருக்கான கோணம். அதற்கும் கீழே இறக்கினால் பிளேடு சுரண்டத் தொடங்கும். காது கொடுத்துக் கேளுங்கள், சரியான கோணத்தில் ஒரு நறநறப்பு கேட்டுக்கொண்டே வரும்.

அழுத்தம்தான் எல்லாவற்றிலும் பெரிய கெட்ட பழக்கம். லேசான பிளாஸ்டிக் ரேசரில் வருடக் கணக்காக அழுத்தி அழுத்திக் கை அதற்கே பழகிவிட்டது. உலோக ரேசர் 60 முதல் 100 கிராம் வரை எடை இருக்கும், அந்த எடையே போதும், நீங்கள் சேர்க்க வேண்டியது எதுவும் இல்லை. கைப்பிடியின் அடிநுனியை மட்டும் கட்டைவிரலும் இரண்டு விரலுமாகப் பிடித்துப் பாருங்கள், அப்படிப் பிடித்தால் அழுத்த நினைத்தாலும் அவ்வளவாக முடியாது. முதல் இரண்டு வாரம் இப்படியே பிடியுங்கள். அங்கங்கே முடி விட்டுப்போகும், போகட்டும். விட்டுப்போன முடிக்கு அடுத்த ரவுண்டு இருக்கிறது.

இழுப்பு சின்னதாக இருக்கட்டும், இரண்டு மூன்று சென்டிமீட்டர் போதும். காதிலிருந்து தாடைவரை ஒரே இழுப்பாக இழுத்தால் கன்னத்தின் வளைவில் கோணம் மாறிவிடும். இரண்டு மூன்று இழுப்புக்கு ஒரு தடவை ரேசரைத் திருப்பி அடுத்த பக்கத்தைப் பயன்படுத்துங்கள், இரண்டு பக்கமும் நிறைந்ததும் அலசுங்கள். ரேசரைப் பக்கவாட்டில் நகர்த்திவிடாதீர்கள், காய் நறுக்குகிற மாதிரி பிளேடு பக்கவாட்டில் போனால் தோல் உடனே கிழியும், ஆழமான வெட்டுகள் பெரும்பாலும் இப்படித்தான் விழுகின்றன.

முதல் ரவுண்டு முழுக்க வளரும் திசையிலேயே. அப்புறம் முகத்தை நனைத்து, மறுபடி நுரை போட்டு, இரண்டாவது ரவுண்டு குறுக்காக. நுரை இல்லாத இடத்தில் ரேசரை வைக்கவே கூடாது, ஒரே ஒரு முடிதானே என்று வெறும் தோலில் ஓர் இழுப்பு இழுப்பதுதான் மறுநாள் பொரியாக வந்து நிற்கும். மூன்றாவது ரவுண்டு, எதிர்த் திசை. கன்னத்தில் ஒத்துக்கொண்டால் செய்யலாம். கழுத்தில் பொரி வருகிற ஆட்களுக்கு என் சொல் இதுதான்: கழுத்தில் எதிர்த் திசையே வேண்டாம், இரண்டு ரவுண்டோடு நிறுத்துங்கள். தடவினால் லேசாகச் சொரசொரக்கும், கண்ணுக்குத் தெரியாது. வாரக் கணக்கில் எரிவதற்கு அந்தச் சொரசொரப்பு எவ்வளவோ மேல்.

குரல்வளை மேட்டில் நேராகப் போகாதீர்கள். தோலை ஒரு பக்கமாக நகர்த்திப் பிடித்தால் மேட்டின் மேல் இருந்த தோல் சமதளத்துக்கு வந்துவிடும், அங்கே வைத்து மழித்துவிட்டு விடுங்கள். தாடை விளிம்பிலும் அதேதான், தோலை மேலே ஏற்றிக் கன்னத்துக்குக் கொண்டுவந்து மழிப்பது சுலபம். மீசை வைத்திருப்பவர்கள் ஓரங்களில் ரேசரின் மூலையை மட்டும் பயன்படுத்துங்கள். கோடு எங்கே விழப் போகிறது என்பது தெரியும்படி அந்த இடத்தில் மட்டும் நுரையை மெல்லிசாகப் பூசினால் மீசை ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்காது.

இனி பிளேடு

இந்த மூன்றும் சரியாக மூன்று நான்கு வாரம் ஆகும். அதுவரை ஒரே பிளேடு, ஒரே சோப்பு, ஒரே ரேசர். மூன்றையும் ஒன்றாக மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று சொல்ல முடியாது.

எல்லாப் பிளேடும் பார்க்க ஒன்றுதான், மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிமன் உள்ள எஃகுத் தகடு. வித்தியாசம் மூன்று இடத்தில் வருகிறது: எஃகு, விளிம்பைத் தீட்டிய விதம், மேலே பூசிய பூச்சு. 1960-களுக்கு முன் பெரும்பாலும் கார்பன் எஃகுதான், சீக்கிரம் துருப்பிடிக்கும். வில்கின்சன் ஸ்வார்ட் அந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில் பூச்சுள்ள ஸ்டெயின்லெஸ் பிளேடைக் கொண்டுவந்தது, மற்ற கம்பெனிகளும் பின்னாலேயே மாறின. இன்று பெரும்பாலான பிளேடின் விளிம்பில் குரோமியம், பிளாட்டினம் மாதிரி ஏதாவது கடினப் பூச்சும், அதற்கு மேல் ஒட்டாத தவாவில் இருக்கிற அதே டெஃப்ளான் வகைப் பூச்சும் இருக்கின்றன. அந்தப் பூச்சுதான் பிளேடை முடியில் இழுபடாமல் நழுவ வைக்கிறது. அட்டையில் பிளாட்டினம், சூப்பர், எக்ஸ்ட்ரா என்று போட்டிருப்பதை வைத்து மட்டும் தரம் சொல்ல முடியாது, முகத்தில் வைத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஒரு தவறு செய்கிறார்கள், வெட்டுப்பட்டுவிடுமோ என்று பயந்து கூர் குறைந்த பிளேடாகத் தேடுகிறார்கள். கூர் குறைந்த பிளேடு முடியை வெட்டாமல் இழுக்கும், இழுத்தால் நாம் அழுத்துவோம், அழுத்தினால் எரியும். அடர்ந்த முரட்டுத் தாடிக்கு மென்மையான ரேசரில் கூரான பிளேடு போடுவதுதான் நல்ல ஜோடி. மென்மையான ரேசர் என்றால் பிளேடு விளிம்பு குறைவாக வெளியே தெரிவது. முனை அதிகம் வெளியே நீட்டியிருக்கும் ரேசரில் மழுங்கலான பிளேடு போடுவதுதான் ஆக மோசமான ஜோடி. மெல்லிய முடி, அதுவும் தினமும் ஷேவ் செய்பவர் என்றால் நடுத்தரக் கூர் போதும்.

கடைத்தெருவில் கிடைப்பதை வைத்துச் சொல்கிறேன். மளிகைக் கடையிலும் மெடிக்கலிலும் எளிதாகக் கிடைப்பவை டோபாஸ், செவன் ஓ கிளாக், இந்திய வில்கின்சன் ஸ்வார்ட் ஆகியவை. தொடக்கத்துக்குச் செவன் ஓ கிளாக் சூப்பர் பிளாட்டினத்தைத்தான் நான் சொல்வேன், கூரும் மென்மையும் அளவாக இருக்கும், எங்கேயும் கிடைக்கும். ஆன்லைனில் பார்த்தால் அஸ்ட்ரா, பெர்சோனா, துருக்கியின் டெர்பி, ஜப்பானின் ஃபெதர் எல்லாம் கிடைக்கின்றன. ஃபெதர் கூருக்குப் பேர்போனது. முரட்டுத் தாடியும் நிதானமான கையும் இருப்பவர்கள் அதைக் கொண்டாடுவார்கள், அழுத்துகிற பழக்கம் போகாதவர்கள் அதைத் தொட வேண்டாம். டெர்பி மென்மைக்குப் பேர்பெற்றது, ஆனால் அடர்ந்த தாடியில் இழுக்கிறது என்று பலர் சொல்வார்கள். இதையெல்லாம் தொடக்கப் புள்ளியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். என் அண்ணனுக்குப் பிடித்த பிளேடு எனக்கு ஆகவே ஆகாது, இருவருக்கும் ஒரே ரேசர், ஒரே சோப்பு.

நூறு பிளேடு அட்டையை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிப் போடாதீர்கள். நாலைந்து வகையில் ஐந்தைந்து வாங்குங்கள், கலவையாகப் போட்டு விற்கும் பாக்கெட்டும் ஆன்லைனில் உண்டு. ஒரு வகையில் குறைந்தது இரண்டு பிளேடு, ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு ஷேவ் செய்த பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள். ஒரே ஒரு ஷேவில் முடிவு கட்டினால் அன்றைக்கு நீங்கள் அவசரமாகச் செய்ததற்குப் பிளேடு பழி சுமக்கும். ஒரு நோட்டில் மூன்று விஷயம் குறித்தால் போதும்: முதல் ரவுண்டில் இழுத்ததா, முடித்ததும் எரிந்ததா, மறுநாள் காலையில் கழுத்து எப்படி இருந்தது. மூன்றாவதுதான் முக்கியம். மூன்று மாதத்தில் இரண்டு வகை மட்டும் மிஞ்சும், அப்போது நூறு வாங்குங்கள்.

ஒரு பிளேடு எத்தனை ஷேவ் வரும்? எனக்கு நான்கு. சிலருக்கு மூன்று, மெல்லிய முடிக்காரர்களுக்கு ஆறு ஏழுகூட வரும். இழுக்கத் தொடங்கியதும் தூக்கிப் போடுங்கள், இன்னும் ஒரு நாள் என்று இழுத்தடிப்பதில் மிச்சமாவது ஒன்றிரண்டு ரூபாய். எஃகை விட முடி சுமார் 50 மடங்கு மென்மையானது, அப்படியும் பிளேடு ஏன் கெடுகிறது என்று அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து 2020-இல் சயன்ஸ் இதழில் வெளியிட்டார்கள். விளிம்பு வட்டமாக மழுங்குவது மட்டும் காரணம் இல்லை, முடி வளைந்து கொடுக்கும்போது எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாத இடங்களில் விளிம்பு நுண்ணிய சில்லுகளாக உடைகிறது என்று மின்னணு நுண்ணோக்கியில் பார்த்துச் சொன்னார்கள். ஊறாத முரட்டு முடியில் பிளேடை ஓட்டினால் முகம் மட்டுமல்ல, பிளேடும் சீக்கிரம் போகும் என்பது என் அனுபவம்.

பிளேடு மாட்டுவதையும் கவனியுங்கள். கூர் இல்லாத குட்டைப் பக்கங்களைப் பிடித்து மட்டுமே எடுங்கள். மேல்மூடியைக் கவிழ்த்து, பிளேடை வைத்து, அடித்தட்டை மேலே பொருத்தி, குட்டைப் பக்கங்களை விரலால் அமுக்கிப் பிடித்தபடியே கைப்பிடியைத் திருகுங்கள். முடித்ததும் நேராகக் கண்ணுக்கு முன் வைத்துப் பாருங்கள், இரண்டு பக்கமும் விளிம்பு ஒரே அளவு வெளியே தெரிகிறதா என்று. ஒரு பக்கம் அதிகம் நீட்டியிருந்தால் அந்தப் பக்கம் கடிக்கும், மறு பக்கம் வெட்டாது, நாம் பிளேடைத் திட்டிக்கொண்டிருப்போம். ஷேவ் முடிந்ததும் பிளேடைத் துணியால் துடைக்காதீர்கள், விளிம்பின் பூச்சு போய்விடும், கையும் வெட்டுப்படும். குழாயில் காட்டி அலசி, உதறி, பாத்ரூமுக்கு வெளியே காற்றுப்படும் இடத்தில் வைத்தால் போதும்.

முடித்த பிறகு

குளிர்ந்த தண்ணீரில் முகம் கழுவிவிட்டுப் படிகாரக் கல்லை நனைத்து முகம் முழுக்கத் தடவுங்கள். நாட்டு மருந்துக் கடையில் சல்லிசாகக் கிடைக்கும், ஒரு கட்டி மாதக் கணக்கில் வரும். சின்ன வெட்டில் ரத்தம் நிற்பதற்காக மட்டும் இல்லை, படிகாரம் உங்கள் கையைப் பற்றி உண்மையைச் சொல்லும். எங்கே சுரீரென்று எரிகிறதோ அங்கே அன்று அதிகமாக மழித்திருக்கிறீர்கள், அழுத்தியிருக்கிறீர்கள் அல்லது திசை தவறியிருக்கிறீர்கள். என் இடது கழுத்தை எனக்குக் காட்டிக்கொடுத்தது படிகாரம்தான். அரை நிமிடம் விட்டுக் கழுவிவிடுங்கள், காய்ந்து அப்படியே நின்றால் தோல் வறண்டு இழுக்கும். அப்புறம் வாசனை இல்லாத மாய்ச்சரைசர் கொஞ்சம். ஸ்பிரிட் கலந்த ஆஃப்டர் ஷேவ் எரிச்சலைக் கூட்டுகிறது என்றால் அதை விட்டுவிடுங்கள், அது இல்லாமல் ஒன்றும் குறைந்துவிடாது.

ஏற்கெனவே பொரி இருக்கிறது என்றால் அது அடங்கும்வரை அந்த இடத்தில் ரேசர் வைக்க வேண்டாம், ஒரு வாரமோ பத்து நாளோ டிரிம்மரில் ஓட்டுங்கள். உள்ளே வளர்ந்த முடியை ஊசியால் குத்தி எடுக்கவே கூடாது, கருப்புத் தழும்பு நின்றுவிடும். சீழ் வைத்தால் தோல் மருத்துவரிடம் போங்கள். ஒருவர் போட்ட பிளேடை இன்னொருவர் போடக் கூடாது, வீட்டுக்குள்ளேயும் சரி, மஞ்சள் காமாலை பி மாதிரி ரத்தம் வழியே தொற்றுபவை கண்ணுக்குத் தெரியாத ரத்தத்திலும் வரும். சலூனில் புது பிளேடைக் கண் முன்னால் உடைத்து மாட்டச் சொல்லிக் கேட்கத் தயங்காதீர்கள்.

தீர்ந்த பிளேடைக் குப்பையில் அப்படியே போடாதீர்கள். குப்பையைக் கையால் பிரிக்கிற தூய்மைப் பணியாளரின் விரல் அங்கே இருக்கிறது, தாளில் சுற்றினாலும் தாள் நனைந்து கிழிந்துவிடும். பழைய பவுடர் டப்பாவோ மில்க்மெய்ட் டப்பாவோ எடுத்து, மூடியில் கத்தியால் ஒரு கீறல் போட்டு, மூடியை டேப் ஒட்டி அடைத்துவிடுங்கள். தீர்ந்த பிளேடை அந்தக் கீறல் வழியே உள்ளே தள்ளினால் போதும். என் டப்பா மூன்று வருடமாகியும் பாதிகூட நிறையவில்லை. நிறைந்தால் கீறலையும் டேப்பால் அடைத்து, மேலே பிளேடு என்று பெரிதாக எழுதி, மற்ற குப்பையோடு கலக்காமல் தனியாகப் பணியாளர் கையில் சொல்லிக் கொடுங்கள், இல்லையென்றால் பழைய இரும்புக் கடையில் வாங்கிக்கொள்வார்களா என்று கேட்டுப் பாருங்கள்.